அயல்நாட்டுக் கல்வியும் மூல ஓலையும்

புத்தூரில் நம்பி ஆரூரர்க்குத் திருமணம் நிகழவிருந்த வேளையில் முதிய அந்தணர் ஒருவர் கோலூன்றி வந்து மணப்பந்தரில் நின்றார். ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்றும், அவர்தம் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம் கையில் உளதென்றும் கூறினார். ஆரூரர் சினந்து அவ்வோலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றனால் தம் கூற்றை நிறுவுமாறு அவையோர் முதியவரைக் கேட்டனர். கிழிபட்டது படி ஓலையே. மூல ஓலையைத் தாம் தனியே காத்து வைத்திருப்பதாக அவர் விடை பகர்ந்தார். மூல ஓலை அவையில் படிக்கப்பட்டது. அவையோர் அம்மட்டில் அமைந்தாரல்லர். பாட்டனார் தம் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்தினின்றும் வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கினர். இரண்டும் ஒத்தன. அதன் பின்னரே தீர்ப்புக் கூறினர்.

இது சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் வரலாறு. இதன் பத்திச் சுவையைப் பிறிதோரிடத்தில் நுகர்க. ஈண்டு நாம் கருதுவது அவ்வவையின் வழக்குமுறையை. திருவெண்ணெய்நல்லூர் நமக்குச் சேய்மையான ஊரன்று. பாகூர் ஏரிக்கு நீர் ஊட்டும் பெண்ணையாற்றின் கரையிலேயே, நமக்கு மேற்கே உள்ளது. அங்கு அன்று கேட்கப்பட்ட வினாக்களையே, பாரிசிலோ மெல்பர்னிலோ உள்ள பல்கலைக்கழகம் இன்று பாகூர் மாணவனையும் வில்லியனூர் மாணவியையும் கேட்கின்றது.

அப்பல்கலைக்கழகத்தார் நம் முகத்தைக் கண்டவரல்லர். நம் ஊர்ப் பெயரைக் கேட்டவரும் அல்லர். ஊரில் எல்லாரும் அறிந்த நல்ல பிள்ளை என்னும் புகழ் கடலைக் கடப்பதில்லை. கடப்பவை தாள்களே. ஆண்டுதோறும் கற்றுத் தேறியதைக் காட்டும் மதிப்பெண் பட்டியல்கள் மாணவனுக்குரிய ஆட்சி. பிறப்புச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் கடவுச் சீட்டும் ஆவணம். ஆசிரியர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதங்கள் அயலார் காட்சி. இன்று மூன்றனுள் ஒன்று போதாது, மூன்றும் வேண்டும், மூன்றும் ஒன்றோடொன்று ஒத்தும் இருத்தல் வேண்டும்.

ஆவணத்தின் அருமையைப் பாகூரார்க்கு வெளியூரார் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், வாகூர் என்று அந்நாளில் வழங்கிய இவ்வூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் ஐந்து. அவற்றைக் கோத்த வளையத்தில் பல்லவரின் இடப முத்திரை உள்ளது. மன்னன் மரபைக் கூறும் பகுதி வடமொழியிலும், கொடையின் நடைமுறையைக் கூறும் பகுதி தமிழிலும் அமைந்துள்ளன. உழவரும் ஊரவையாரும் அறிய வேண்டியவை தமிழில். பிற நாட்டு அறிஞரும் அறிய வேண்டியவை, அந்நாளில் பல நாட்டாருக்கும் பொதுவாயிருந்த வடமொழியில். இருமொழி, முத்திரை, ஆட்சியாண்டு என்னும் இவை யாவும் இன்றைய சான்றிதழிலும் இடம்பெறுகின்றன. வெளியூர் மாணாக்கர் வாகூரை நாடிவந்த நிலை மாறி, வாகூர் மாணாக்கர் வெளிநாட்டை நாடிச் செல்லும் காலம் வந்துவிட்டது. கல்விக்கு ஆவணம் துணையாக நிற்றல் மட்டும் மாறவில்லை.

இனி, இக்கொம்யூன்களில் பிறந்தார்க்கே உரிய இடர் ஒன்றனைக் கூறுவேன். அது பெயரைப் பற்றியது.

புதுச்சேரி ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைதலை விரும்பினர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டமுறையான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது. ஆட்சி ஒரே நாளில் மாறியது. எழுத்து அவ்வாறு மாறவில்லை. பிரெஞ்சுப் பதிவேடுகளில் பழகிய எழுத்தர் பெயர்களைப் பிரெஞ்சு முறையிலேயே எழுதிவந்தனர். மக்களும் தம் குடும்பப் பெயர்களை அவ்வண்ணமே வழங்கலாயினர்.

பிரெஞ்சு மொழியில் யூ என்னும் எழுத்துத் தனித்து நின்றால் நம் உகர ஒலியைத் தாராது. உதட்டைக் குவித்து இகரத்தை ஒலிப்பது போன்ற வேறோர் ஒலியைத் தரும். உகரம் வேண்டுமாயின் ஓ, யூ என்னும் இரண்டெழுத்தையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். சொல்லின் இறுதியில் என் என்னும் எழுத்துத் தனித்து நின்றால் அது மூக்கொலியாய்க் கரைந்துவிடும். னகரம் தெளிவாக ஒலிக்க அதன்பின் ஓர் ஈ சேர்த்தல் வேண்டும். ஆதலின் முருகன் என்னும் பெயர் ஆங்கில முறையில் ஏழெழுத்தால் அமைய, பிரெஞ்சு முறையில் எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, ஏ, என், ஈ எனப் பத்தெழுத்தாய் நீள்கின்றது. இரண்டும் பிழையல்ல. இரண்டும் அவ்வம்மொழியின் ஒலியிலக்கணத்திற்கு ஏற்றவையே. தமிழில் படிக்கும் நமக்கு முருகன் ஒருவனே. அயல்நாட்டு அலுவலர்க்கு ஏழெழுத்து முருகனும் பத்தெழுத்து முருகனும் வெவ்வேறு மாந்தர்.

ஊர்ப்பெயர்களும் இதற்கு விலக்கல்ல. பாகூர் இன்றும் அரசுத் தாள்களில் ஓ, யூ என்னும் ஈரெழுத்துகளோடே எழுதப்படுகின்றது. பிரெஞ்சு எழுத்து அதனை விட்டு நீங்கவில்லை. வில்லியனூரோ முன்பு பிரெஞ்சில் வில்லெனூர் என எழுதப்பட்டு, பின்னர் ஆங்கில எழுத்திற்கு மாறிவிட்டது. பாண்டிச்சேரி என்னும் பெயரே 2006ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதுச்சேரி என்று சட்டத்தால் மாற்றப்பட்டது. தந்தையின் பழஞ்சான்றிதழில் ஒரு பெயரும் மகளின் புதுச்சான்றிதழில் வேறொரு பெயருமாக ஒரே ஊர் நிற்பதைக் காணலாம்.

தலைப்பெழுத்தின் இடர் தமிழர் யாவர்க்கும் பொது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தைத் தாங்குகின்றோம். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பிறந்த பிரெஞ்சு ஆணைப்படி, தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி மக்கள் குடும்பப் பெயர் ஒன்றனைச் சூடிக்கொண்டனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லா போர்த்து என்னும் பெயரை ஏற்றது அவ்வாறே. அவ்வழி வந்தார்க்கு இவ்விடர் இல்லை. ஏனையோரின் கடவுச் சீட்டில் தலைப்பெழுத்து இடம்பெறாது. அதனை விரித்துத் தந்தையார் பெயரை முழுமையாக எழுதுதல் வேண்டும். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் அதனை எழுதுவார் பலர். அங்குச் சென்றபின் பேராசிரியர் தந்தையார் பெயரைச் சொல்லி அழைக்க, தம்மைத்தான் அழைக்கிறார் என்றறியாது வாளாவிருந்த மாணவர் உண்டு. அக்கட்டத்தைக் காலியாக விட்டாலோ வேறொரு விந்தை நிகழும். அமெரிக்க விசாவில் மாணவனின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதற்பெயர் அறியப்படவில்லை" என்பதன் சுருக்கமான மூன்றெழுத்து ஏறிவிடும். பெற்றோர் பெயரிட்டு அழைத்த பிள்ளை, கடல் கடந்ததும் பெயரறியாதவனாகி விடுகிறான்.

பிறந்த இடமும் கருதத்தக்கது. பிறப்பு எவ்விடத்தில் நிகழ்ந்ததோ அவ்விடத்துப் பதிவாளரிடமே அது பதியப்படும். பெற்றோர் குடியிருக்கும் ஊரில் அன்று. தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல் நம் வழக்கம். பாகூர்ப் பெண்ணின் தாய்வீடு கடலூர் மாவட்டத்தில் இருக்கும். வில்லியனூர்ப் பெண்ணின் தாய்வீடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும். நம் பகுதியில் ஒரு வயல் வரப்பைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடுகின்றது. அவ்வாறு பிறந்த பிள்ளையின் பதிவைப் பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தேடுவதாற் பயனில்லை. ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்தவன் பதிவு உழவர்கரை நகராட்சியில் இருக்கும். எந்த ஊர் ஏட்டில் தான் எழுதப்பட்டிருக்கிறான் என்பதை மாணவன் முதற்கண் தன் தாயாரிடம் கேட்டறிதல் வேண்டும்.

நாளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இதில் குற்றம் என்னுடையது. பல்லாண்டுகளுக்கு முன் கிராமப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாய் இருந்தபோது, சூன் திங்களில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பணியும் எனக்கு உரியதாயிருந்தது. பிறந்த நாளைக் கேட்டால், "ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஐயா" என்பார் ஒரு தாய். ஐந்து வயது நிரம்ப இன்னும் இரண்டு திங்கள் குறையும். பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் வாராது. சூன் முதல் நாள் என்று எழுதிச் சேர்த்துக்கொள்வேன். அவ்வாறு எழுதியதை அன்று அறமென்றே எண்ணினேன். அப்பிள்ளைகளுள் ஒருவன் பின்னாளில் பிரான்சு நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் பெற்றான். அங்கே மாணவர் அரசு மருத்துவக் காப்பில் சேரும்போது பிறப்புச் சான்றிதழைக் கேட்பர். அவன் அதனைப் புதிதாகப் பெற்று வந்தான். அதில் ஆகஸ்டு, பள்ளிச் சான்றிதழிலும் கடவுச் சீட்டிலும் சூன். ஏதோ ஒன்றைத் திருத்தியாக வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தபின் அதிலுள்ள நாளைத் திருத்துதல் எளிதன்று. அலைந்து முடிப்பதற்குள் ஓராண்டு கழிந்தது. அவனுக்கென வைத்திருந்த இடம் வேறொருவர்க்குச் சென்றது. அவன் என்னைக் காண வந்தபோது குறையாக ஒரு சொல்லும் கூறவில்லை. இரண்டு தாள்களையும் என் மேசைமேல் அருகருகே வைத்துவிட்டு நின்றான்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. பழஞ்சுவடி பதிப்பிப்போர் அதன் உண்மையை நன்கு அறிவர். உ.வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகச் சென்று பல ஏடுகளைத் திரட்டினார், ஒன்றோடொன்றை ஒப்பிட்டார், வேறுபாடுகளைப் பாடபேதம் எனக் குறித்தார். அயல்நாட்டுக் கல்வியை விழையும் மாணவனும் முதலில் செய்யவேண்டிய பணி இதுவே. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், கடவுச் சீட்டு, தாய் தந்தையரின் சான்றிதழ்கள் ஆகிய அனைத்தையும் ஒரு பாயின்மேல் பரப்பி வைத்து, தன் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பாடபேதம் எங்கெங்கு உளது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்க. ஒரு மாலைப்பொழுது போதும்.

வேறுபாடு கண்டவழி எதனைக் கொள்வது? கூடியவரை வேரிலிருந்து தொடங்குதல் நன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பெயரிடுமுன்னரே பதியப்பட்ட பிறப்புகள் பல. அவற்றில் பெயரைப் பின்னர் ஏற்றுதற்கு அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு இடந்தருகின்றது. தம் சான்றிதழில் பெயரே இல்லை என்பதைப் பதினெட்டாம் வயதில் கண்டு திகைப்பார் உளர். பதிவே இல்லையாயின் காலந்தாழ்த்திப் பதிய 13ஆம் பிரிவில் வழியுண்டு. ஓராண்டுக்கு மேற்பட்டுவிட்டால் நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும் என்றிருந்ததை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றி, மாவட்ட நடுவர் முதலிய ஆட்சித்துறை நடுவர்க்கு அவ்வதிகாரத்தைத் தந்தது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறப்போர்க்குக் கடவுச் சீட்டுப் பெறப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த நாளுக்குரிய சான்றாகும். அதற்குமுன் பிறந்த உங்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் முதலிய வேறு தாள்களும் ஏற்கப்படும்.

பிழை திருத்துவது 15ஆம் பிரிவு. அதன் முறை என் உள்ளத்தைக் கவர்வது. பதிவாளர் பழைய எழுத்தை அடித்தலோ அழித்தலோ கூடாது. பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமும் நாளும் இடுதல் வேண்டும். மூலபாடத்தைச் சிதைக்காது ஓரத்தில் குறிப்பெழுதிய நம் உரையாசிரியர் மரபும், நல்ல பதிப்பாசிரியர் மரபும் இதுவே அன்றோ?

ஓரக் குறிப்பைப் பற்றிப் பேசும்போது மற்றொரு சொல்லும் நினைவுக்கு வருகின்றது. அது அப்பொஸ்தீல் என்னும் பிரெஞ்சுச் சொல்; ஏட்டின் ஓரத்தில் எழுதும் குறிப்பு என்பதே அதன் பழம்பொருள். 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் நெதர்லாந்தின் ஹேகு நகரில் உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. ஒரு நாட்டின் பொது ஆவணத்தைப் பிற நாட்டார் நம்புதற்குப் பல தூதரகங்களின் வாயில்களில் முத்திரை பெறும் அலைச்சலை அது ஒழித்தது. அதற்கு மாறாக ஒரே சான்று. பக்கம் ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம். அதில் எண்ணிட்ட பத்துக் குறிப்புகள். தலைப்பு எந்நாட்டிலும் பிரெஞ்சு மொழியிலேயே இருத்தல் வேண்டும். இச்சதுரமே அப்பொஸ்தீல். இந்தியாவில் இது 2005ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறையில் உள்ளது. கனடா 2024ஆம் ஆண்டு சனவரியில்தான் இதனைத் தன் நாட்டில் தொடங்கிற்று. உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு அவ்வந்நாட்டுத் தூதரகத்தின் சான்று வேண்டும். இந்தியா சேர்ந்ததற்கு மறுப்புத் தெரிவித்த நாடுகளுள் செருமனியும் ஒன்று. அந்நாடு இந்திய மாணவரின் கல்விச் சான்றிதழ்களைத் தானே ஆராயும் தனி ஏற்பாட்டை 2022 நவம்பரில் கட்டாயமாக்கியது.

அப்பொஸ்தீல் எதனை மெய்யெனக் கூறுகின்றது என்பதைப் பலரும் பிழைபட உணர்ந்துள்ளனர். கையொப்பம் மெய்யானது, கையொப்பமிட்டவர் அப்பதவியில் இருந்தவர், முத்திரை மெய்யானது என்னும் இவற்றையே அது கூறும். தாளில் எழுதியுள்ள செய்தி உண்மையா என்பதைப் பற்றி அது வாய் திறவாது. நான் எழுதிய சூன் முதல் நாளுக்கும் அப்பொஸ்தீல் கிடைத்திருக்கும். திருவெண்ணெய்நல்லூரில் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்ட அவையோரின் பணியில் ஒரு கூற்றையே இச்சதுரம் செய்கின்றது.

இதனை வழங்குவது இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம். ஆனால் ஆவணத்தை முதலில் அதனை வழங்கிய மாநில அரசு சரிபார்த்தல் வேண்டும். இங்கே நம்மவர்க்கு ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரிக்கெனத் தனிக் கல்வி வாரியம் இருந்ததில்லை. நம் பிள்ளைகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுத் தேர்வுகளையே எழுதி வந்தனர். அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில்தான் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திற்கு மாறின. ஆதலின் பிறப்புச் சான்றிதழ் புதுச்சேரி அரசின் வழியாகவும், சென்னையில் வழங்கிய மதிப்பெண் பட்டியல் தமிழ்நாட்டரசின் வழியாகவும் செல்ல நேரிடும். ஒரே மாணவனின் பையில் இரண்டு அரசுகளின் தாள்கள். இதனை அறியாது எல்லாவற்றையும் ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பாதியைத் திரும்பப் பெற்று வருவார் பலர்.

இனி அயலார் காட்சிக்கும், மாணவன் தன்னைப் பற்றித் தானே எழுதும் நோக்கவுரைக்கும் வருவோம். இதற்கு நல்ல சான்று கணிதமேதை இராமானுசன். அவர் 1913 சனவரி 16இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்றும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் ஒளியாமல் கூறினார். இல்லாத பட்டத்தை ஏற்றிக் கூறவில்லை. இருப்பதைக் குறைத்தும் கூறவில்லை. அதனோடு தம் தேற்றங்களை இணைத்தனுப்பினார். ஆட்சியும் ஆவணமும் அத்தாள்களிலேயே இருந்தன. பின்னர்ச் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்சு ஆசிரியர் அவரை நேரிற் கண்டு, பல்கலைக்கழகத்தார்க்குப் பரிந்துரை எழுதினார். அது அயலார் காட்சி. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சு 17இல் இராமானுசன் கப்பலேறினார்.

நெவிலின் பரிந்துரைக்கு மதிப்பு வந்தது எதனால்? அவர் இராமானுசனோடு அமர்ந்து, அவர்தம் குறிப்பேடுகளைப் பார்த்தவர். உங்களுக்குப் பரிந்துரை எழுதுவோரும் உங்கள் வேலையைக் கண்டவராக இருத்தல் வேண்டும். ஊரில் பெரும்பதவி வகிப்பவர், மாணவனை ஒரு நாளும் பாராதவர், நற்பண்பும் நல்லொழுக்கமும் உடையவன் என்று எழுதித் தரும் கடிதத்தால் விளையும் பயன் சிறிதே. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்த பிழையையும் அதைத் திருத்திய முறையையும் அறிந்த ஆசிரியர் எழுதும் அரைப்பக்கம் அதனினும் சிறந்தது. நோக்கவுரையைப் பிறர் எழுதியதிலிருந்து பார்த்து எழுதுதல் அறவே கூடாது. இன்று பல்கலைக்கழகங்கள் பொறி கொண்டு அதனை எளிதிற் கண்டுபிடிக்கின்றன. பிரான்சுக்குச் செல்வோரைக் காம்பசு பிரான்சு என்னும் அமைப்பினர் நேரிலும் வினவுவர். அங்கே எழுதியவனே விடை சொல்ல முடியும்.

பணத்தைப் பற்றிய ஆவணங்களில் தொகையினும் காலமே பலரை வீழ்த்துகின்றது. இங்கிலாந்து நாட்டு விதிப்படி, வேண்டிய தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருத்தல் வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் கணக்குத் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். கரும்பு வெட்டிய பணம் வந்ததும் வைத்து, பிள்ளைக்கு அனுப்பும் முன் உரத்துக்கு எடுத்து, மீண்டும் வைக்கும் குடும்பங்கள் இதனை மறக்கலாகாது. செருமனி ஓராண்டுச் செலவுக்குரிய தொகையை முடக்கக் கணக்கில் வைக்கச் சொல்கின்றது. 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. வருவாய்ச் சான்றிதழை வில்லியனூர், பாகூர் வட்டாட்சியர் அலுவலகங்களில் பெறலாம். நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர், பட்டியல் இனத்தார், சீர்மரபினர் ஆகியோரின் மக்களுக்கு உரியது. முதுகலைக்கும் ஆய்வுக்கும் ஆண்டுக்கு 125 பேருக்கு வழங்கப்படுவது. குடும்ப வருவாய் 8 இலட்சத்திற்கு மேற்படாதிருத்தல் வேண்டும். நம் பகுதியில் இதற்குத் தகுதியுடைய குடும்பங்கள் பல. பெயர் ஒவ்வாச் சான்றிதழ் இங்கும் தடையாகும்.

போலி ஓலையைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டில் கனடாவில் இந்திய மாணவர் பலர் நாடுகடத்தப்படும் நிலைக்கு ஆளாயினர். முகவர் அவர்களுக்குத் தந்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலியாயிருந்தன. அம்மாணவருள் பலர் அதனை அறியாமலே சில ஆண்டுகள் அந்நாட்டில் படித்தும் உழைத்தும் இருந்தவர்கள். ஏமாற்றப்பட்டவரைப் பிரித்தறியக் கனடா அரசு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் சேர்க்கைக் கடிதம் ஒவ்வொன்றையும் கல்லூரியிடமே நேரிற் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கிற்று. இக்காலத்தில் கல்லூரிக்கு நாமே மின்னஞ்சல் எழுதிக் கடிதம் மெய்யா என்று கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டாண்டுக்கே செல்லும் என்பதையும், செப்டம்பரில் வகுப்புத் தொடங்குமாயின் ஒப்பிடும் பணியை அதற்கு முந்தைய ஆண்டின் பொங்கலுக்குள் முடித்தல் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றேன். திருத்தம் ஒன்று நேர்ந்தால் அதற்குரிய திங்கள்கள் கையில் இருக்கும்.

புறப்படும் நாளில் மூல ஆவணங்களைக் கையோடு கொள்ளும் பையில் வைத்தல் வேண்டும். விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டியில் வைத்தல் கூடாது. அவற்றின் படிகளை இரண்டு கட்டாக எடுக்க வேண்டும். ஒரு கட்டு மாணவனோடு வேறு பையில் செல்லும். மற்றொரு கட்டைத் தாயாரிடம் கொடுத்து, வீட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுதல் வேண்டும். அங்கே மூலம் தொலைந்துவிட்டால் கொம்யூன் அலுவலகத்தில் வரிசையில் நின்று புதுச் சான்றிதழ் கேட்கப் போகிறவர் அவரே. பதிவின் ஆண்டும் எண்ணும் அப்படியின்மேல் இருக்கும்.